பானகத்தில் சேற்று வாடை

டேங்க் எங்கே இருக்குன்னா கேட்டீங்க? நிமிர்ந்து பாருங்க. ஊர்லயே உயரமா நிக்கிறது அது ஒண்ணுதான். அதுக்கு நேர் கீழே நின்னுக்கிட்டு "டேங்க் எங்கேம்மா?"ன்னா நான் என்ன சொல்றது? பேச்சுக் கொடுக்கிறதுக்காகக் கேட்கிற கேள்வி எனக்குப் பிடிக்காது.

சரி, உட்காருங்க. அந்த ஐஸ் பெட்டியை நிழலுக்குத் தள்ளிக்கோங்க. மைனி கீழத்தெரு வால்வை அடைக்கப் போயிருக்காங்க. அவங்க வந்துதான் நீங்க டெஸ்டுக்குத் தண்ணி எடுக்கணுமாம். உங்க ஆபீஸ்காரங்க நேத்தே வந்து சொல்லிட்டுப் போனாங்க, ஆபரேட்டர் முன்னாலதான் எடுக்கணும்னு. அதுவரைக்கும் நீங்களும் நானும்தான். மேடம்னு கூப்பிட மாட்டேன். அக்கான்னு கூப்பிடுறேன், வேணும்னா திரும்பிப் பாருங்க.

மைனின்னா அண்ணன் பொண்டாட்டி. உங்க ஊர்ல அண்ணின்னு சொல்வீங்க. பேரு முப்பிடாதி. முதல்ல அண்ணன்தான் இங்கே ஆபரேட்டர். டேங்க் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு போச்சு. உள்ளேதான் படுத்திருக்கான், நாம பேசுறது அவ்வளவும் அவனுக்குக் கேட்கும். கேட்கட்டும். அவனுக்குப் பதிலா மைனியைப் போட்டாங்க. தற்காலிகம். உங்களுக்குப் பின்னால இருக்கே மோட்டார் ரூம், அதை ஒட்டினாப்ல இருக்கிற அறைதான் எங்க வீடு. ஆபரேட்டருக்குக் கொடுத்த அறை. வேலை போனா அறையும் போகும். இடுப்பு ஒடிஞ்சவனைத் தூக்கிக்கிட்டு நாங்க எங்கே போவோம்? நீங்க சொல்லுங்க.

சொல்ல மாட்டீங்க. பாட்டில்ல தண்ணியைப் பிடிச்சுக்கிட்டுப் போய் என்னத்தையோ எழுதி அனுப்புவீங்க. அதைப் பார்த்துட்டுத்தான் கவுன்சிலர் தங்கத்துரை முடிவு பண்ணுவாராம், மைனி இருக்கணுமா போகணுமான்னு. அவரே எங்க வாசல்ல வந்து நின்னு சொன்னார். "நான் ஒண்ணும் சொல்லலம்மா, ரிப்போர்ட் என்ன சொல்லுதோ அதான்." ரிப்போர்ட்டுக்கு வாய் இருக்கிற மாதிரி.

இந்தக் கோடையிலதான் எல்லாம் ஆரம்பிச்சது. குளத்துத் தண்ணி வத்தி, மிச்சம் கிடந்தது பச்சையாப் போச்சு. அதைத்தான் இந்தத் தரைத் தொட்டிக்கு இழுக்கிறோம். இங்கேயிருந்துதான் மேலே ஏறும், மேலேயிருந்துதான் தெருவுக்குப் போகும். இந்தத் தரைத் தொட்டியோட சிமெண்ட் மூடி மோட்டாரைத் தூக்கி இறக்கினப்பவே பாதி உடைஞ்சு போச்சு. மாத்தித் தரச் சொல்லி மைனி நடையா நடந்தாங்க. யாரு கேட்டா? வெயில் நேரா உள்ளே இறங்கும். சுவர் பூராவும் வழவழன்னு பச்சை, கையை வச்சா வழுக்கும்.

அப்புறம் வாடை. எப்படின்னு சொல்றது... பீட்ரூட்டை நறுக்கினா ஒரு வாடை வருமே, அது. புதுப் பானையில ஊத்தி வச்ச தண்ணி, அது. மழை பேஞ்சதும் தரையிலிருந்து வருமே, அதுவும்தான். மழையில வந்தா எல்லாரும் வாசல்ல நின்னு மூக்கை விரிச்சு இழுப்பாங்க, "ஆகா, மண்வாசனை"ன்னு. அதே வாசனை டம்ளர்ல வந்தா மைனியோட குலத்தையே இழுப்பாங்க.

என்னென்ன கேட்டாங்கன்னு நினைக்கிறீங்க? குழாயடியில ஒருத்தி, "ஏ முப்பிடாதி, டேங்குக்குள்ள எருமையைக் குளிப்பாட்டுதியோ?" இன்னொருத்தி, "ஒம் மாப்பிள்ளை கிடந்த இடத்துலயே கிடக்கானே, அவன் பாயை அலசின தண்ணியா?" இதைச் சொன்னவ குடத்தை நான் எத்திவிட்டேன். ஆமா, எத்தினேன். பிளாஸ்டிக் குடம்தான், உடையலை. உடைஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.

டீக்கடைக்காரன் குரங்கு செத்துக் கிடக்குன்னான். பால்காரன் சாரைப்பாம்புன்னான். எல்லாருமாச் சேர்ந்து மைனியை மேலே ஏற வச்சாங்க. அண்ணன் விழுந்த அதே ஏணி. மைனி சேலையை வரிஞ்சு கட்டிக்கிட்டு ஏறினாங்க. அண்ணன் உள்ளே படுத்துக்கிட்டு, "ஏறியாச்சா, இறங்கியாச்சா?"ன்னு கத்திக்கிட்டே கிடந்தான். மேலே ஒண்ணுமே இல்லை. இறங்கி வந்து "ஒண்ணும் இல்லை"ன்னு சொன்னா, "செத்ததை அந்தப் பக்கமா வீசிட்டு வந்து சொல்லுதா"ன்னாங்க. இவங்களோட எப்படி ஊர்ல இருக்கிறது, சொல்லுங்க.

மைனி ஒரு பதில் பேச மாட்டாங்க. அதுதான் எனக்கு ஆத்திரம். "தொட்டியை வடிச்சு, சுவரைத் தேய்ச்சுக் கழுவணும். தண்ணி விடுறதை நிறுத்திவச்சுட்டுக் கழுவிக்கிடுதேன்"னு கவுன்சிலர்கிட்ட அவ்வளவு மெதுவாக் கேட்டாங்க. அவரு, "அம்மன் கொடை வருது, ஊருக்கு விருந்தாளி வாரான், தண்ணியை நிறுத்தவா சொல்லுத? கொடை முடியட்டும்" அப்படின்னுட்டார். கொடைன்னா எங்க ஊர்க் கோயில் திருவிழா. மைனி "சரிங்க"ன்னுட்டு வந்துட்டாங்க. சரிங்க! நானா இருந்தா அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

பிளீச்சிங் பவுடர் விஷயத்துலயும் அப்படித்தான். அண்ணன் ஒரு பால் பவுடர் டப்பா வச்சிருந்தான் அளக்கிறதுக்கு. டப்பா அளவு எடுத்து, வாளியில கரைச்சு, சுண்ணாம்பு அடியில தங்கினதும் மேல்தண்ணியை மட்டும் ஊத்தணும். மைனி அந்த டப்பாவுக்கு மேல ஒரு சிட்டிகை போட மாட்டாங்க. குழம்புக்கு உப்பு போடுறதும் அப்படித்தான். எங்க வீட்டுக் குழம்பைக் குடிச்சா உங்களுக்கே தெரியும், உப்பு எங்கேயோ தூரத்துல நிக்கும்.

அழுக்கு அதிகமா இருந்தா சோப்பு அதிகமாப் போடணும். இதுக்குப் படிப்பு வேணுமா?

கொடைக்கு முந்தின நாள் மைனி அண்ணனை ஆட்டோவுல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. வீட்டுல நான் மட்டும். மறுநாள் அம்மனுக்குப் பானகம் கரைக்கிறது இந்தத் தண்ணியிலதான். ஊரே வாயில வைக்கும். இன்னொரு பேச்சு மைனி மேல விழக் கூடாதுன்னு டப்பாவைத் தூக்கி ஓரமா வச்சுட்டு, மண் அள்ளுற சட்டியை எடுத்தேன். பவுடர் மூட்டையில பாதியை அள்ளி அள்ளித் தொட்டிக்குள்ள போட்டேன். கண்ணெல்லாம் எரிஞ்சது. சுவர்ல இருந்த பச்சை வெளுத்து, பஞ்சு பஞ்சாப் பிரிஞ்சு போச்சு. பார்க்கவே மனசுக்குக் குளிர்ச்சியா இருந்தது. செத்தியான்னு கேட்டேன். மோட்டாரைப் போட்டு மேலே ஏத்திட்டேன்.

மறுநாள் மதியக் கொடை. உச்சினிமாகாளி கோயில். நையாண்டி மேளம் காதைக் கிழிக்குது. ஆவுடையப்பன்னு ஒருத்தர், அவருக்குத்தான் சாமி வரும். மத்த நாள்ல உரக்கடையில உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கிட்டு இருப்பார். அண்டா நிறையப் பானகம். வெல்லம், சுக்கு, எலுமிச்சை எல்லாம் போட்டுத்தான் கரைச்சிருந்தாங்க. சாமிக்கு முதல் செம்பு. ஆவுடையப்பன் அண்ணாந்து வாயில ஊத்தினார். ஊத்தினவர் அப்படியே "தூ"ன்னு துப்பினார். முன்னால நின்ன மேளக்காரர் சட்டை பூரா பானகம்.

"தீட்டு! தண்ணியில தீட்டுலே! தீட்டுக்காரி தொட்ட தண்ணியை எனக்குக் குடுத்திட்டியளேலே!"

மேளம் நின்னு போச்சு. ஆளாளுக்குச் செம்பை வாங்கி மோந்து பார்த்தாங்க. நானும் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், வாடை இருந்தது. முந்தின நாளைவிடத் தூக்கலா இருந்தது. வெல்லத்தையும் சுக்கையும் மீறிக்கிட்டு, குளத்துச் சேற்றை வழிச்சு வாயில வச்ச மாதிரி. நான் அவ்வளவு பவுடர் போட்டும் இவ்வளவு நாறுதுன்னா, போடாம இருந்திருந்தா எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

எல்லாத் தலையும் மைனி பக்கம் திரும்புச்சு. மைனி தேங்காய்த் தட்டோட நின்னுக்கிட்டு இருந்தாங்க. யாரும் ஒரு வார்த்தை அவங்களுக்காகப் பேசலை. நான் விடுவேனா? கூட்டத்தைப் பிளந்துக்கிட்டுப் போய்ச் சாமிக்கு முன்னாலயே நின்னேன்.

"மைனிக்குத் தீட்டெல்லாம் இல்லை. போன வாரமே தலைக்குக் குளிச்சாச்சு. தேதி சொல்லட்டுமா?"ன்னு கேட்டேன்.

சாமி ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. ஆம்பளைங்க எல்லாம் தரையைப் பார்த்தாங்க. பின்னால எவனோ சிரிச்சான். சாமி "ஏய்ய்"ன்னு கத்திட்டு இன்னொரு தடவை ஆடிச்சு. நான் மைனி கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். அன்னிக்கு மைனி சாப்பிடலை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கிட்டாங்க. ஆவுடையப்பன் சொன்னது அவ்வளவு தூரம் மனசைச் சுட்டிருக்கு. அந்த ஆளு உரக்கடைக்குப் போய் நல்லாக் கேட்டுட்டு வரணும்னு எழுந்தேன். மைனிதான் படுத்த வாக்கிலேயே, "கனி, நீ எனக்காக ஒண்ணும் பேச வேண்டாம். தயவுசெஞ்சு"ன்னாங்க. அவ்வளவு நல்ல மனசு அவங்களுக்கு.

இதுக்கு நடுவுல ரூபி டீச்சர் ஒண்ணு. அவங்க கதையையும் கேளுங்க. கேட்டாத்தான் புரியும்.

நான் பதினொண்ணாவதைப் பாதியில விட்டேன். அதுக்குக் காரணமே ரூபி டீச்சர்தான். லேப்ல மைக்ராஸ்கோப் ஒண்ணே ஒண்ணு. இதே குளத்துத் தண்ணியில ஒரு சொட்டை வச்சுட்டு, வரிசையா வந்து பாருங்கன்னாங்க. ஒவ்வொருத்தியாப் பார்த்துட்டு "தெரியுது டீச்சர்", "பச்சையா இருக்கு டீச்சர்", "சங்கிலி மாதிரி இருக்கு டீச்சர்"னு போறாளுக. நான் பார்த்தேன். என் கண்ணு ரோமம்தான் தெரிஞ்சது. "ஒண்ணும் தெரியலை"ன்னேன். "எல்லாருக்கும் தெரியுதே, உனக்கு மட்டும் ஏன் தெரியலை?" "எல்லாரும் பொய் சொல்றாங்க டீச்சர்." அவ்வளவுதான். வகுப்பு முடியுற வரைக்கும் நிக்க வச்சாங்க. வெளியே வந்ததும் நாலு பேர் என்கிட்ட வந்து, "எங்களுக்கும் ஒண்ணும் தெரியலைட்டி"ன்னாளுக. மறுநாள்லேருந்து நான் போகலை. பொய் சொன்னவளுக்கு உட்கார இடம், உண்மையைச் சொன்னவளுக்கு நிக்கிற தண்டனைன்னா அந்த இடம் எனக்கு எதுக்கு?

கொடை முடிஞ்சு அந்த டீச்சர் இங்கே வர்றாங்க. கையில ஒரு டம்ளர். அவங்க வீட்டுக் குழாயிலயும் இதே வாடைதானாம். தொட்டிக்குள்ள எட்டிப் பார்த்தாங்க, சுவரைச் சுரண்டிப் பார்த்தாங்க, மைனிகிட்ட உட்கார்ந்து பாடம் எடுத்தாங்க. குரங்கும் இல்லை, தீட்டும் இல்லை, பாசிதானாம். இந்தப் பாசி ஒரு சரக்கைத் தன் உடம்புக்குள்ள செஞ்சு வச்சிருக்குமாம். ஜியோஸ்மினாம். சிம் கார்டுக்குப் பேர் வச்ச மாதிரி இருக்கு. மழை பேஞ்சா மண்ணுல வர்றதும் அதே சரக்குதானாம். குடிச்சா ஒண்ணும் செய்யாது, மூக்குக்குத்தான் தொல்லையாம். ஒரு அண்டாத் தண்ணியில ஊசி முனை அளவு இருந்தாலே மனுஷ மூக்கு கண்டுபிடிச்சிருமாம்.

இதுவரைக்கும் கேட்டுக்கிட்டு இருந்தேன். அதுக்கப்புறம் சொன்னாங்க பாருங்க ஒண்ணு.

"பாசி உயிரோட இருக்கிறப்போ அந்தச் சரக்குல பெரும்பகுதி அதுக்குள்ளேயே இருக்கும். பவுடரை அள்ளிப் போட்டா பாசி உடைஞ்சு சாகும், உள்ளே இருந்ததெல்லாம் தண்ணியில கலந்துரும். பவுடரால அந்த வாடையை ஒண்ணும் பண்ண முடியாது. இது செத்தாத்தான் நாறும் முப்பிடாதி. கொல்லக் கூடாது, வழிச்சு வெளியே எடுக்கணும். வெயில் படாம மூடி வைக்கணும்."

செத்தாத்தான் நாறுமாம்! உயிரோட இருக்கிறப்போ நாறாம செத்தாத்தான் நாறும்னா, அப்புறம் ஊர்ல எதுக்குப் பவுடர் வாங்குறாங்க? அரசாங்கத்துல எல்லாரும் முட்டாளா?

அப்புறம் மைனியைப் பார்த்துக் கேட்டாங்க, "கொடைக்கு முன்னால யாராவது பவுடரை அளவுக்கு மேல போட்டீங்களா?" மைனி, "இல்லையே டீச்சர், டப்பா அளவுதான்"ன்னாங்க. நான் வாசல்படியில நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன். என்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நான் எதையும் மறைக்கிற ஆள் இல்லை. என்கிட்ட கேட்கலையே. கேட்காத கேள்விக்கு நான் எதுக்குப் பதில் சொல்லணும், அதுவும் ரூபி டீச்சருக்கு? போறப்ப என்னைப் பார்த்து, "பேச்சிக்கனி, திரும்ப ஸ்கூலுக்கு வாயேன்"ன்னாங்க. "மைக்ராஸ்கோப்பைச் சரி பண்ணியாச்சா?"ன்னு கேட்டேன். டம்ளரை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாங்க.

மைனி என்னடான்னா டீச்சர் சொன்னதை வேதவாக்கா எடுத்துக்கிட்டாங்க. எங்கேயோ அலைஞ்சு கறுப்புத் தார்ப்பாய் ஒண்ணு வாங்கிட்டு வந்து தொட்டியை இருட்டா மூடினாங்க. பாருங்க, அந்தா கிடக்கே, அதுதான். தண்ணி அடியில கிடக்கிற நேரம் பார்த்து உள்ளே இறங்கி, தென்னை விளக்குமாறை வச்சுச் சுவரைத் தேய்ச்சாங்க. வாளி வாளியாப் பச்சைக் கூழை வெளியே அள்ளிக் கொட்டினாங்க. கீழ்ப்பாதிதான் எட்டுச்சு, மூலைமுடுக்கெல்லாம் இன்னும் அப்படியே இருக்கு. தண்ணியை நிறுத்தவும் விட மாட்டேங்கிறாங்களே.

கொஞ்சம் கொஞ்சமா வாடை குறைஞ்சது. குறைஞ்சது நிஜம். மைனி, "டீச்சர் சொன்னது சரியாப் போச்சு பாத்தியா"ன்னாங்க. கொடைக்கு நான் போட்டது ஒரே நாள்ல வேலை செய்யுமா? மெதுவாத்தான் பிடிக்கும். அது பிடிச்சு வாடை குறையுற நேரத்துல தார்ப்பாய் வந்து பேரை வாங்கிக்கிச்சு. போகட்டும்.

குழாயடியில வாய்களும் அடங்கிருச்சு. நேத்து ஒருத்தி மைனியைப் பார்த்து, "இப்ப பரவால்ல முப்பிடாதி"ன்னாளாம். மைனி அதை வீட்டுல வந்து மூணு தடவை சொன்னாங்க. அண்ணன்கிட்ட ஒரு தடவை, என்கிட்ட ஒரு தடவை, அடுப்புக்கிட்ட ஒரு தடவை. நீங்க இன்னிக்கு வர்றீங்கன்னு தெரிஞ்சதும் காலையில குளிச்சுட்டுப் பூ வச்சுக்கிட்டாங்க. அண்ணன் விழுந்த நாளிலிருந்து அவங்க பூ வச்சு நான் பார்த்ததில்லை.

நான் உண்மையைத்தான் சொல்வேன். வாடை முழுசாப் போயிருச்சுன்னு சொல்ல முடியாது. காலையில தார்ப்பாயைத் தூக்கிட்டுத் தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தேன். லேசா இருந்தது. ரொம்ப லேசா. தெருவுல யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஆனா நீங்க மிஷின் வச்சிருப்பீங்களே. ஊசிமுனை இருந்தாக்கூட மிஷின் காட்டிக் கொடுத்துருமே. இவ்வளவு பாடுபட்டு, இந்த லேசுனாலயா எங்க வீடு போகணும்?

அதனாலதான் மைனி கீழத்தெருவுக்குக் கிளம்பினதும், மூட்டையில மிச்சமிருந்த பவுடரை முழுசாப் போட்டுட்டேன். சட்டியெல்லாம் எடுக்கலை. மூட்டையையே கவுத்துட்டேன். மூலையில ஒட்டிக்கிட்டு இருந்ததெல்லாம் வெளுத்துக் கழண்டு வந்துருச்சு. நீங்க கேட்கலை, இருந்தாலும் சொல்றேன். உங்க தண்ணி சுத்தமா இருக்கும்.

என்ன, பேனாவைக் கீழே வச்சுட்டீங்க?

ஏன் மூக்கைப் பொத்துறீங்க? ஆமா, வருது. எனக்கும் தெரியுது. இப்பதானே போட்டிருக்கேன், செத்துக்கிட்டு இருக்கு. எது செத்தாலும் கொஞ்ச நேரம் நாறத்தான் செய்யும். கொஞ்சம் பொறுத்து எடுங்க. நான் யாரையும் பொறுக்கச் சொல்ற ஆள் இல்லை, உங்களைச் சொல்றேன்.

டேய் அண்ணா, சும்மா கிட! உள்ளேயிருந்து கத்தாதே. "என்னட்டி வாடை, என்னட்டி வாடை"ங்கிறான். ஒண்ணும் இல்லை, படு!

அந்தா மைனி வர்றாங்க. வால்வுச் சாவியைத் தோள்ல போட்டுக்கிட்டு வர்றாங்க பாருங்க, அவங்கதான். மைனி, இந்த அக்கா வந்து ரொம்ப நேரமாச்சு... மைனி? தொட்டிக்கிட்ட என்ன? தார்ப்பாயை ஏன் தூக்குறீங்க? உள்ளே சுத்தமா இருக்கு மைனி, பச்சைன்னு ஒரு பொட்டு இல்லை. மைனி, ஏன் அப்படியே உட்கார்ந்துட்டீங்க? வெறும் மூட்டைதானே அது, அதை எதுக்கு மடியில எடுத்து வச்சுக்கிறீங்க?

என்ன சொல்றாங்க அக்கா? சத்தமாச் சொல்லுங்க மைனி.

"காலையில நாந்தான் போட்டேன், அளவு தெரியாமப் போட்டுட்டேன்"னா?

மைனி! பொய்! நீங்க எங்கே போட்டீங்க? நீங்க கீழத்தெருவுலதானே இருந்தீங்க? அக்கா, அதை எழுதாதீங்க. டப்பாவுக்கு மேல ஒரு சிட்டிகை போட இவங்களுக்குக் கை வராது. இவங்க மூட்டையைக் கவுத்தாங்கன்னா நம்புவீங்களா? போட்டது நான். கொடைக்கு முந்தின நாள் போட்டதும் நான், இன்னிக்குப் போட்டதும் நான். கண்ணெரிச்சலோட நின்னு வேலை பார்த்தவ நான், பேரு மட்டும் இவங்களுக்கா?

வாயைப் பொத்தாதீங்க மைனி. கையை எடுங்க. எதுக்கு இப்ப அழுறீங்க? பூ விழுது பாருங்க.

எழுதுங்க அக்கா. பேச்சிக்கனி. போட்டது பேச்சிக்கனின்னு எழுதுங்க. எழுதியாச்சா? அப்போ பாட்டிலை எடுத்து முக்குங்க.

முக்குங்களேன். ரெண்டு பேரும் ஏன் என்னையே பார்க்கிறீங்க?